பழைய காரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் உண்மையில் என்ன நடக்கிறது?

கேள்வி: சான்ஹொசேவாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் கலிஃபோர்னியாவில் சான் ஹொசே நகரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கடன் எடுத்து வாங்கிய 2008-ஆம் ஆண்டு மாடல் ஹோண்டா அக்கார்ட் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. 1,78,000 மைல் ஓடியிருக்கிறது. எங்கள் மகளைப் பிறந்த மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் அந்தக் காரில்தான். சென்ற மாதம் ஸ்மாக் செக் என்னும் புகைச் சோதனையில் அது தேறவில்லை. கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்றும், கியர்பாக்ஸும் அதிக நாள் தாங்காது என்றும், இரண்டையும் சரிசெய்ய 4,000 டாலருக்குக் குறையாது என்றும் மெக்கானிக் சொல்லிவிட்டார். அவ்வளவு செலவு செய்ய இனி அதில் பொருள் இல்லை என்று எங்களுக்கும் தெரிகிறது.

வானொலியைத் திருப்பினால், உங்கள் பழைய காரைக் கொடுங்கள், ஓடாவிட்டாலும் நாங்களே வந்து இழுத்துச் செல்கிறோம், வரிக்கழிவும் கிடைக்கும் என்ற விளம்பரம் நாள்தோறும் காதில் விழுகிறது. கார்விலைப் பட்டியல் தளமான கெல்லி புளூ புக்கில் இந்த மாடலுக்கு, நல்ல நிலையில் இருந்தால், ஏறத்தாழ 3,000 டாலர் என்று காட்டுகிறது. அப்படியானால் காரைக் கொடுத்துவிட்டு 3,000 டாலரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாமா? கொடுத்த கார் உண்மையிலேயே வண்டியில்லாத ஒரு குடும்பத்தின் கைக்குப் போகிறதா, அல்லது விற்கப்படுகிறதா? விற்றால் அந்தப் பணத்தில் எவ்வளவு தொண்டு நிறுவனத்தைச் சென்றடைகிறது? பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர், யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள், வரியில் திரும்பி வந்துவிடும் என்கிறார். எனக்கு என்னவோ அது அவ்வளவு எளிதாக இருக்கும் என்று தோன்றவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: வரிக்கணக்குத் தன்னார்வலர்

ஐயா, வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, குறைந்த வருமானம் உடையவர்களுக்கு இலவசமாக வரிக்கணக்குத் தயாரித்துக் கொடுக்கும் முகாமில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் காரைக் கொடுத்து முடித்த பிறகு வந்து கேட்டவர்கள். நீங்கள் கொடுப்பதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று.

முதலில், 3,000 டாலர் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். 2005-ஆம் ஆண்டுக்கு முன் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. கொடுப்பவர் விலைப்பட்டியலைப் பார்த்து, தன் கார் நல்ல நிலையில் இருப்பதாகத் தானே முடிவு செய்து, அந்த மதிப்பு முழுவதையும் கழித்துக்கொண்டார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2003 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2000-ஆம் ஆண்டு வரிக்கணக்கில் மட்டும் சுமார் 7,33,000 பேர் இவ்வாறு வாகனக் கொடைக்குக் கழிவு கோரி, அதன் மூலம் 65.4 கோடி டாலர் வரியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அலுவலகம் 54 வாகனங்களை எடுத்துக்கொண்டு, கொடுத்தவர் கோரிய மதிப்பு எவ்வளவு, தொண்டு நிறுவனத்தின் கைக்குப் போனது எவ்வளவு என்று தடம் பிடித்துப் பார்த்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வாகனங்களுக்கு, கோரிய மதிப்பில் 5 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோதான் நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. அந்த அறிக்கையில் வரும் ஒரு 1983-ஆம் ஆண்டு டிரக்கின் கதையை நான் முகாமுக்கு வருபவர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. அது ஏலத்தில் 375 டாலருக்குப் போனது. விளம்பரம் முதலிய செலவுகள் போக எஞ்சியது 63 டாலர். அதில் பாதியை இடைத்தரகு நிறுவனம் எடுத்துக்கொள்ள, அறப்பணிக்குச் சேர்ந்தது 31 டாலர் 50 சென்ட். கொடுத்தவர் கழித்துக்கொண்டதோ 2,400 டாலர்.

இதைக் கண்ட பிறகுதான் 2004 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது உள்ள விதி இதுதான்: 500 டாலருக்கு மேல் கழிவு கோரப்படும் காரை நிறுவனம் அப்படியே விற்றுவிட்டால், விற்ற தொகை எவ்வளவோ அவ்வளவுதான் நீங்கள் கோரக்கூடிய உச்சவரம்பு. ஏலத்தில் உங்கள் அக்கார்ட் 700 டாலருக்குப் போனால் உங்கள் கழிவு 700 டாலர். விலைப்பட்டியல் என்ன சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை. 500 டாலருக்கோ அதற்குக் குறைவாகவோ விற்றிருந்தால் மட்டும், காரின் நியாயமான சந்தை மதிப்பு, 500 டாலர் ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக் கோரலாம். அதாவது 300 டாலருக்கு ஏலம் போனாலும், காரின் மதிப்பு 500 டாலருக்குக் குறையாது என்று நீங்கள் காட்ட முடிந்தால், 500 டாலர் வரை கோர இடமுண்டு.

விற்ற தொகையை உங்களுக்குத் தெரிவிக்கும் ஆவணம் 1098-சி படிவம். விற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நிறுவனம் அதை உங்களுக்கு அனுப்பியாக வேண்டும். டோ டிரக் ஓட்டுநர் வாசலில் கொடுக்கும் துண்டுச் சீட்டு அந்தப் படிவம் ஆகாது. 500 டாலருக்கு மேல் கோருபவர்கள் அதன் படியையும், பணமல்லாத கொடைகளுக்கான 8283 படிவத்தையும் கணக்குடன் இணைக்க வேண்டும். 1098-சி கையில் இல்லாமல் அந்தத் தொகையைக் கோர முடியாது. டிசம்பர் 30 அன்று காரைக் கொடுத்து, அது பிப்ரவரியில் விற்கப்பட்டாலும், கொடை சேர்வது டிசம்பர் முடிந்த ஆண்டின் கணக்கில்தான். ஆனால் படிவம் வரும்வரை பொறுத்திருந்துதான் தாக்கல் செய்ய வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, முதலில் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் வரிக்கணக்கில் செலவுகளை இனவாரியாகக் காட்டுபவரா, அல்லது எல்லோருக்கும் பொதுவாக அரசு அனுமதிக்கும் நிலையான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவரா? கார்க்கொடை, இனவாரியாகக் காட்டுபவர்கள் நிரப்பும் ஷெட்யூல் ஏ படிவத்தில் காட்டப்படும் கழிவு. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு 2026-ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 32,200 டாலர். வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து அந்தத் தொகையைத் தாண்டினால் ஒழிய, காரைக் கொடுத்ததால் உங்கள் மத்திய வரியில் ஒரு சென்ட்கூடக் குறையாது. சொந்த வீடு உள்ளவர்கள் நிலை சற்று மாறியிருக்கிறது. மாநில, உள்ளூர் வரிகளுக்கான உச்சவரம்பு 2026-ஆம் ஆண்டில் 40,400 டாலராக இருப்பதால், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அவர்களில் பலர் மீண்டும் இனவாரியாகக் காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் 2026 முதல் புதிய வரையறை ஒன்று உண்டு: சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தில் அரை விழுக்காடு வரையிலான நன்கொடை கழிவில் சேராது. 2,00,000 டாலர் வருமானம் உள்ள குடும்பத்துக்கு முதல் 1,000 டாலர் கணக்கில் வராது என்று பொருள். வேறு நன்கொடைகள் எதுவும் இல்லாதவர்களின் 700 டாலர் கார் அதிலேயே கரைந்துபோய்விடும்.

வாடகை வீடு என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்கள் நண்பர் சொன்னபடி வரியில் திரும்பி வரும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள்.

பதில்: பள்ளிப் பொருளாளர்

தம்பி, நான் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன். பள்ளி, நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்கும் தொண்டு அமைப்புகளுக்கான 501(சி)(3) பிரிவில் பதிவு பெற்றது. எங்களுக்கும் கார்க்கொடை வந்திருக்கிறது. ஆகவே வாங்கிக்கொள்ளும் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்குக் காரை நிறுத்தி வைக்க இடம் கிடையாது, விற்கும் உரிமமும் கிடையாது, பெயர் மாற்றும் வேலையைப் பார்க்க ஆளும் கிடையாது. அதனால் இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் ஓர் இடைநிலை அமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொள்வோம். கொடுப்பவர் அவர்களை அழைப்பார். அவர்கள் டோ டிரக் அனுப்புவார்கள். கார் நேராக ஏலக் கூடத்துக்குப் போகும். அங்கே ஓடக்கூடிய நிலையில் உள்ளதைப் பழைய கார் விற்பவர்கள் எடுப்பார்கள், ஓடாததை ஜங்க்யார்டுக்காரர்கள் உதிரி பாகத்துக்காகவும் இரும்புக்காகவும் எடுப்பார்கள். பள்ளி அந்தக் காரைக் கண்ணால்கூடப் பார்க்காது. சில வாரங்கள் கழித்து எங்களுக்கு ஒரு காசோலையும், கொடுத்தவருக்கு ஒரு படிவமும் போகும்.

எங்களுக்கு வந்த கார்களில் ஒன்றின் கணக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஏலத்தில் 900 டாலருக்குப் போனது. இழுத்துச் சென்ற கூலி, ஏலக் கட்டணம், பத்திரச் செலவு எல்லாமாக 240 டாலர் கழிந்தது. எஞ்சிய 660 டாலரில் ஒப்பந்தப்படி எங்களுக்கு 70 விழுக்காடு, அதாவது 462 டாலர். கொடுத்தவருக்குப் போன படிவத்தில் 900 டாலர் என்றே இருந்தது. செலவு கழிப்பதற்கு முன் உள்ள மொத்த விற்பனைத் தொகைதான் அதில் வரும், சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. அந்தப் பெற்றோர் ஆண்டு விழாவில் என்னைச் சந்தித்து, பள்ளிக்கு 900 டாலர் கொடுத்த மனநிறைவோடு பேசினார். உண்மைத் தொகையை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் முகம் சற்று வாடியது. ஆனாலும் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்த ஆண்டு அவர் தம்முடைய இன்னொரு வண்டியைத் தாமே விற்று, 2,100 டாலருக்குக் காசோலையாகக் கொண்டுவந்து கொடுத்தார். அது முழுவதும் பள்ளிக்கு வந்தது. நூலகத்துக்கு அலமாரி வாங்கினோம்.

இடைநிலை அமைப்பு பங்கு எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு அந்த 462 டாலரும் இல்லை. ஓடாத வண்டியை நாமே விற்பது எவ்வளவு பாடு என்பதும் தெரியும். ஆனால் பங்கு எவ்வளவு என்பது அமைப்புக்கு அமைப்பு மிகவும் வேறுபடுகிறது. சிலரிடம் விழுக்காட்டுக் கணக்கு. சிலரிடம் வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான சிறு தொகை, அது எவ்வளவுக்கு விற்றாலும் சரி. ஆகவே தொலைபேசியில் பேசும்போதே, என் கார் 1,000 டாலருக்கு விற்றால் தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் எத்தனை டாலர் விழும் என்று நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். கலிஃபோர்னியாவில் இவ்வாறு பிறருக்காக நிதி திரட்டும் வணிக நிறுவனங்கள் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பதிவு செய்து, ஆண்டுதோறும் திரட்டிய தொகையையும் ஒப்படைத்த தொகையையும் கணக்குக் காட்ட வேண்டும். அந்த அறிக்கையை அலுவலகமே வெளியிடுகிறது. வாகனக் கொடை பற்றிய விவரமும் அதில் இருக்கும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது வாங்குபவனுக்குச் சொன்ன பழமொழி, தம்பி. கொடுப்பவன் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஊரில் உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால் கழிவு உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. தமிழ்நாட்டில் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு நேரடியாகக் கொடுப்பது இந்த நாட்டு வரிக்கணக்கில் சேராது. இங்கே 501(சி)(3) தகுதி பெற்ற அமைப்பாக இருந்து, அது தன் பணிகளை இந்தியாவில் செய்தால் சேரும். தகுதி உண்டா என்பதை மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்-இன் தளத்தில் உள்ள தேடுபொறியில் பெயரை இட்டுப் பார்த்துவிடலாம். கோயில், தேவாலயம் போன்ற வழிபாட்டு அமைப்புகள் மட்டும் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாமலே தகுதி உள்ளவையாக இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: சான்ஹொசேவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. நாங்கள் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான் எடுக்கிறோம்; ஆகவே வரிக்கழிவு என்ற பேச்சு எங்களைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. உண்மையில் அது எங்களுக்குப் பெரிய ஏமாற்றம் இல்லை. பொருளாளர் ஐயா எழுதியதைப் படித்தபோதுதான் மனம் கனத்தது. ஏதோ ஒரு குடும்பம் அந்தக் காரில் வேலைக்குப் போகும், பிள்ளைகளைப் பள்ளியில் விடும் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். காரை விற்காமல் காராகவே தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றனவா?

பதில்: மேரிலாண்ட்வாசி

இருக்கின்றன, ஐயா. நான் இருக்கும் மேரிலாண்டில் வெஹிகிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்ற நிறுவனம் 1999-ஆம் ஆண்டு முதல் இந்த வேலையைச் செய்கிறது. கொடையாக வந்த கார்களில் தேறக்கூடியவற்றைத் தன் பணிமனையில் பழுதுபார்த்து, வேலைக்குப் போக வண்டியில்லாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு மிகக் குறைந்த விலையில் கொடுக்கிறது. சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர்களுக்கு அந்தப் பணிமனையிலேயே மெக்கானிக் பயிற்சியும் கொடுக்கிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் குட் நியூஸ் கராஜ் என்ற அமைப்பு 1996-ஆம் ஆண்டு தொடங்கி இதே போன்ற பணியைச் செய்கிறது. பேருந்து வசதி குறைந்த பகுதிகளில் கார் இல்லாதவர்களுக்கு வேலை கிடைப்பதே அரிது என்பதைக் கண்கூடாகப் பார்த்தவன் என்பதால், இந்த வகைக் கொடையைத்தான் நான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கிறேன்.

வரிச் சட்டமும் இதைத் தனியாகவே நடத்துகிறது. விற்ற தொகைதான் உச்சவரம்பு என்ற விதிக்கு மூன்று விலக்குகள் உண்டு. ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ, சந்தை மதிப்பைவிட மிகவும் குறைவான விலைக்கோ நிறுவனம் காரைக் கொடுத்தால், அது நிறுவனத்தின் அறப்பணியோடு பொருந்தியதாக இருக்கும் வரை, நீங்கள் முழுச் சந்தை மதிப்பையும் கோரலாம். நிறுவனமே தன் பணிக்குக் காரைக் கணிசமாகப் பயன்படுத்தினாலும் அப்படியே. முதியோர்களுக்கு ஓராண்டுக் காலம் நாள்தோறும் உணவு கொண்டுபோய்க் கொடுக்கப் பயன்படுத்துவதைப் போல. மூன்றாவது, காரின் மதிப்பை வெகுவாக உயர்த்தும் அளவுக்குப் பெரிய பழுதுபார்ப்பைச் செய்த பிறகு விற்பது. கழுவித் துடைப்பதும், பெயின்ட் அடிப்பதும், நசுங்கலை எடுப்பதும் அந்தக் கணக்கில் வராது. இந்த மூன்றில் எது நடக்கப்போகிறது என்பதை நிறுவனம் 1098-சி படிவத்திலேயே உறுதிமொழியாகக் குறிக்க வேண்டும். இங்கே 30 நாள் கெடு கொடை கொடுத்த நாளிலிருந்து தொடங்கும். சந்தை மதிப்பு என்பது தனியார் ஒருவர் இன்னொரு தனியாருக்கு விற்கும் விலை, டீலர் கடையில் ஒட்டியிருக்கும் விலை அன்று. அந்த மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் எழுத்துப்பூர்வமான மதிப்பீடும் வேண்டும்.

ஆனால் உங்கள் காரைப் பொறுத்தவரை ஒன்றை மனம் திறந்து சொல்லியாக வேண்டும். கியர்பாக்ஸ் போகப்போகிற, புகைச் சோதனையில் தேறாத காரை இந்த நிறுவனங்களும் பெரும்பாலும் ஏலத்துக்குத்தான் அனுப்பும். அனுப்புவதுதான் நியாயமும்கூட. மாதச் சம்பளத்தில் வாடகையும் உணவும் போக நூறு டாலர் மிஞ்சாத ஒரு தாய்க்கு அந்தக் காரைக் கொடுத்தால், மூன்றாம் மாதம் நடுவழியில் அது நின்று, 4,000 டாலர் செலவையும் அவர் தலையில் வைக்கும். வேலைக்குப் போக வண்டி கிடைத்தது என்று எண்ணியவர் வண்டியால் வேலையை இழப்பார். நீங்கள் அடுத்த காரை மாற்றும்போது, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே இப்படிப்பட்ட நிறுவனத்துக்குக் கொடுங்கள்.

பதில்: ஃப்ரீமான்ட் அக்கா

தம்பி, மற்றவர்கள் எழுதியவற்றோடு நான் சேர்ப்பது ஒன்றே ஒன்று. எந்த வழியில் காரைக் கைவிட்டாலும், மாநில வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி-க்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பை உங்கள் கையாலேயே அனுப்புங்கள், அவர்கள் அனுப்புவார்கள் என்று விட்டுவிடாதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு பழைய வேனைக் கொடுத்தோம். வந்தவர் வண்டியின் உரிமைப் பத்திரமான பிங்க் ஸ்லிப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் எங்கள் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் காப்பீட்டை நிறுத்திவிட்டு அதை மறந்துவிட்டோம். ஐந்து மாதம் கழித்துப் பாலச் சுங்கக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏழு ரசீதுகள் வந்தன. அதன் பிறகு, ஓக்லாண்டில் தெருவோரத்தில் கைவிடப்பட்டிருந்த வேனை நகராட்சி இழுத்துச் சென்றதற்கான கட்டணமும் வந்தது. யாரோ ஏலத்தில் எடுத்து, பெயர் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். அரசுப் பதிவேட்டில் அது இன்னும் என் கணவர் பெயரில்தான் இருந்தது. அவற்றிலிருந்து மீள எங்களுக்கு அரை ஆண்டு ஆயிற்று. கொடுத்த நாளுக்கு ஆதாரமாக எங்களிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே. அது கிடைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் கார் கைமாறிய ஐந்து நாட்களுக்குள் உரிமை மாற்றத்தையும் பொறுப்பு விடுவிப்பையும் தெரிவிக்கும் அறிவிப்பை டிஎம்வி-க்குக் கொடுக்க வேண்டும். இணையத்தில் சில நிமிட வேலைதான். அதற்கு வண்டி எண்ணும், ஓடோமீட்டரில் உள்ள மைல் கணக்கும், வாங்குபவரின் பெயர் முகவரியும் தேவை. ஆகவே டோ டிரக் கிளம்புவதற்கு முன் மீட்டரையும், பிங்க் ஸ்லிப்பின் இரு பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பை ஏற்றுக்கொண்டதாக வரும் பக்கத்தையும் சேமித்துவையுங்கள். இங்கே சாதாரண நம்பர் பிளேட் காரோடு போய்விடும். நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற இடங்களில் பிளேட்டைக் கழற்றி அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அதன் பிறகுதான் காப்பீட்டை நிறுத்த வேண்டும். அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் கவனத்தில் கொள்ளுங்கள்.

பிங்க் ஸ்லிப்பை இன்றே எடுத்துப் பாருங்கள். உங்கள் இருவர் பெயரும் ஆண்ட் என்ற சொல்லால் இணைக்கப்பட்டிருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆர் என்று இருந்தால் ஒருவர் போதும். கடனில் வாங்கியதாகச் சொன்னீர்கள். கடனை அடைத்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், வங்கியின் பெயர் பத்திரத்தில் அப்படியே இருக்கக்கூடும்.

பதில்: வரிக்கணக்குத் தன்னார்வலர்

உங்கள் இரண்டாம் பதிவைப் பார்த்த பிறகு ஒன்று தோன்றியது. காரைக் கொடுப்பதும் அறப்பணிக்கு உதவுவதும் ஒரே செயலாக இருக்க வேண்டும் என்பதில்லையே. ஸ்மாக் செக்கில் தேறாத காரைக் கலிஃபோர்னியாவில் நீங்கள் இன்னொரு தனியாருக்கு விற்பது கடினம், ஏனென்றால் தேறிய சான்றிதழைக் கொடுப்பது விற்பவரின் பொறுப்பு. ஆனால் அப்படிப்பட்ட கார்களைச் சாலையிலிருந்து விலக்குவதற்காகவே மாநில அரசின் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் துறை ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தகுதி உள்ள காரை அவர்கள் குறிப்பிடும் பிரித்தெடுக்கும் நிலையத்தில் ஒப்படைத்தால், 1,000 டாலருக்கு மேல் பணமாகவே கொடுக்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குத் தொகை இன்னும் கூடுதல். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும், கார் தானே ஓடி அங்கே போய்ச் சேர வேண்டும். ஆகவே கியர்பாக்ஸ் முழுவதும் நின்றுபோகும்வரை காத்திருக்காதீர்கள்.

அந்தப் பணத்தை நீங்கள் விரும்பும் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால், அதில் டோ கூலியும் இல்லை, ஏலக் கட்டணமும் இல்லை, பங்கும் இல்லை. அதோடு 2026-ஆம் ஆண்டு முதல், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களும் பணமாகக் கொடுத்த நன்கொடையைத் தனியே கழித்துக்கொள்ளலாம். தனியாகத் தாக்கல் செய்பவருக்கு 1,000 டாலர் வரை, சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு 2,000 டாலர் வரை. இந்தச் சலுகை பணத்துக்கு மட்டுமே. காருக்கும் துணிமணிகளுக்கும் கிடையாது. காராகக் கொடுத்திருந்தால் உங்களுக்குச் சுழியாக இருந்த கழிவு, அதே காரின் பணமாகக் கொடுக்கும்போது முழுவதும் கிடைக்கிறது. 22 விழுக்காட்டு வரி வரம்பில் இருந்தால், 1,300 டாலர் நன்கொடைக்கு 286 டாலர் வரி குறையும். 250 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு நன்கொடைக்கும் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புகையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: சான்ஹொசேவாசி

நேற்று இரவு நானும் மனைவியும் எல்லாப் பதில்களையும் சேர்ந்து படித்தோம். இந்தக் காரை அரசுத் திட்டத்தில் ஒப்படைத்து, கிடைக்கும் தொகையில் பாதியை எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிக்கும், மீதியை செகண்ட் ஹார்வெஸ்ட் உணவு வங்கிக்கும் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மனைவி ஓட்டும் இன்னொரு கார் நன்றாக ஓடுகிறது. மேரிலாண்ட் நண்பர் சொன்னதை அதற்காக நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

அக்கா, நீங்கள் சொன்னபடியே பிங்க் ஸ்லிப்பை எடுத்துப் பார்த்தேன். எங்கள் இருவர் பெயரும் ஆண்ட் என்றுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. கடனை அடைத்துப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது. அந்த வங்கியோ இதற்கிடையில் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. உரிமை விடுவிப்புக் கடிதம் கேட்டு இன்று காலை அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அது கைக்கு வந்த பிறகே விண்ணப்பம் அனுப்ப முடியும்; வந்ததும் அடுத்து நடந்ததை இங்கே எழுதுகிறேன்.